சிலைக்கு யாரு பெயின்ட் அடிச்சது? மிஸ் மேஜர் கேட்ட அங்கீகாரம்

[திரையில்: நியூயார்க், கிறிஸ்டோபர் பார்க். பெஞ்ச் பக்கத்துல நாலு வெள்ளை சிலை.]

வணக்கம் மக்களே. இந்த நாலு சிலையை கொஞ்சம் நல்லா பாத்துக்கோங்க. ரெண்டு ஆம்பளைங்க நிக்கிறாங்க, ரெண்டு பொம்பளைங்க பெஞ்சுல உக்காந்திருக்காங்க, உள்ள வெண்கலம்தான், ஆனா மேல வெள்ளை பூசியிருக்கறதால சுண்ணாம்புல செஞ்ச மாதிரியே தெரியும். 1992ல இங்க வெச்சாங்க. எதிர்ல ரோட்டுக்கு அந்த பக்கம் இருக்கே, அதுதான் ஸ்டோன்வால் இன், ஓரின விருப்பம் உள்ளவங்களும் திருநங்கைங்களும் கூடற பார், 1969 ஜூன் 28 ராத்திரி போலீஸ் ரெய்டுக்கு வந்தப்போ ஜனங்க திருப்பி அடிச்ச இடம். அந்த கலவரத்தோட நினைவுக்குத்தான் இந்த சிலைங்க.

2015 ஆகஸ்ட்ல யாரோ வந்து இந்த ஆம்பளை சிலைங்களோட மூஞ்சிக்கு பிரவுன் பெயின்ட் அடிச்சு, தலையில விக் மாட்டி விட்டுட்டு போயிட்டாங்க. பக்கத்துல ஒரு அட்டை வேற. கலவரத்துல முன்னாடி நின்னது கறுப்பின, லத்தீன் அமெரிக்க திருநங்கைங்க, வெள்ளையடிக்கறதை நிறுத்துங்கன்னு. வெள்ளையடிக்கறதுன்னா நம்ம ஊர்லயும் ரெண்டு அர்த்தம் வரும்ல, சுவத்துக்கு பூசறது ஒன்னு, உண்மையை மூடறது ஒன்னு, அதேதான்.

அந்த சமயத்துல ஒரு அம்மா பேட்டியில இதைவிட காரமா பேசியிருந்தாங்க. இந்த சிலைங்களை உடைச்சு மறுபடி சாக்பீஸ் ஆக்குங்க, அங்க நிஜமா இருந்தவங்களுக்கு சிலை வைங்கன்னு. அவங்கதான் மிஸ் மேஜர் கிரிஃபின்-கிரேசி, கறுப்பின திருநங்கை, திருநங்கைங்க உரிமைக்கு போராடினவங்க. இன்னைக்கு வீடியோ அவங்களை பத்திதான், இன்னும் சரியா சொல்லணும்னா அங்கீகாரம்ங்கற வார்த்தையை அவங்க எப்படி புரிஞ்சுக்கிட்டாங்கங்கறத பத்தி.

[திரையில்: சிகாகோ, பழைய கறுப்பு வெள்ளை தெருக்காட்சி.]

1946ல சிகாகோ சவுத் சைடுல பொறந்தவங்க. காலேஜ் போனா, ரூம்ல பொம்பளைங்க டிரெஸ் வெச்சிருக்கன்னு வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் நியூயார்க். வேலை யாரும் தரல, பாலியல் தொழில்தான் சோறு போட்டுச்சு. இதை அவங்க எந்த மேடையிலயும் மறைச்சதே இல்ல, வெக்கப்பட்டதும் இல்ல.

ஸ்டோன்வால் எப்படிப்பட்ட எடம்னு சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அதை ஏதோ புரட்சி ஆபீஸ் மாதிரி நினைச்சுட்டு இருக்காங்க. மாஃபியா நடத்தின பார் அது. லைசென்ஸ் கிடையாது, சரக்குல தண்ணி, போலீசுக்கு மாமூல். ரெய்டு வந்தா பொம்பளை டிரெஸ்ல இருக்கறவங்களை தனியா நிக்க வெச்சு, பாத்ரூமுக்கு கூட்டிட்டு போய் உடம்பை பாத்து ஆம்பளையா பொம்பளையான்னு செக் பண்ணி அரெஸ்ட் பண்ணுவாங்க. வீடியோவை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அந்த பாத்ரூமை யோசிச்சு பாருங்க. அங்க வெள்ளைக்கார பையனுக்கு ஒரு நியாயம், விக் வெச்ச கறுப்பின திருநங்கைக்கு வேற நியாயம்.

அன்னைக்கு ராத்திரி மிஸ் மேஜரும் அங்க இருந்தாங்க. தலையில அடி, அப்புறம் கைது, உள்ள இருக்கும்போது காவலர் ஒருத்தர் தாடையை உடைச்சார், இதெல்லாம் அவங்களே சொன்னது.

சரி, அப்போ முதல் கல்லை எறிஞ்சது யாரு? இந்த கேள்வி இருக்கே, ஒவ்வொரு ஜூன் மாசமும் இன்டர்நெட்ல இதே சண்டைதான். ரொம்ப பேர் சொல்ற பேர் மார்ஷா பி. ஜான்சன், அவங்களும் கறுப்பின திருநங்கைதான். ஆனா அவங்களே பின்னாடி ஒரு பேட்டியில, நான் ராத்திரி ரெண்டு மணி வாக்குல வந்தேன், அப்பவே எல்லாம் ஆரம்பிச்சிருச்சுன்னு சாதாரணமா சொல்லிட்டு போயிருக்காங்க. விமர்சனம் பண்றவங்க இதை பிடிச்சுக்கிட்டு, பாத்தியா, திருநங்கைங்க கதையே பொய்னு ஆரம்பிச்சிடறாங்க. என்னை கேட்டா ரெண்டு பக்கமும் தப்பான கேள்வியைத்தான் கேக்கறாங்க. அது பல நாள் நடந்த கலவரம், நூத்துக்கணக்கான ஜனம் தெருவுல, அதுல கல்லுக்கு நம்பர் போட்டு என்ன ஆகப்போகுது? மறுநாள் காலையில யாரு ஜெயில்ல இருந்தாங்க, அடுத்தடுத்த வருஷங்கள்ல யாரை மேடையில இருந்து இறக்கி விடப் பாத்தாங்க, அதை கேளுங்க.

[திரையில்: 1973, வாஷிங்டன் ஸ்கொயர் பேரணி.]

இறக்கி விடப் பாத்ததுக்கு சாட்சி வேணும்னா 1973. சில்வியா ரிவேரா, மார்ஷாவோட சேந்து வீடில்லாத திருநங்கை பிள்ளைங்களுக்கு தங்க இடம் கொடுத்தவங்க, அந்த வருஷ ஸ்டோன்வால் நினைவு பேரணியில மைக்கை பிடிச்சதும் கீழ இருந்து ஊளை. ஊளையிட்டது போலீஸ் இல்ல, சொந்த இயக்கத்து ஆளுங்க. இன்னொன்னு 2007. வேலையில பாகுபாடு காட்டக்கூடாதுன்னு அமெரிக்க கீழ்சபையில ஒரு மசோதா. முதல்ல பாலின அடையாளமும் உள்ள இருந்துச்சு, ஓட்டு தேறாதுன்னு கணக்கு போட்டு அதை மட்டும் வெட்டிட்டு நவம்பர்ல பாஸ் பண்ணாங்க. எங்களுக்கு இப்ப கிடைக்கட்டும், உங்களை அடுத்த ரவுண்டுல ஏத்திக்கறோம்னு. சட்டமாவும் ஆகல, அது வேற விஷயம்.

மிஸ் மேஜருக்கு இந்த அரசியல்தான் ஆவாது. கல்யாண உரிமைக்கு இவ்வளவு காசும் சத்தமும், இங்க எங்க பொண்ணுங்க ஜெயில்ல கிடக்கறாங்க, தெருவுல சாகறாங்க, அதுக்கு யாருங்கறதுதான் அவங்க குறை. 2015 ஜூன்ல உச்சநீதிமன்றம் ஓரினத் திருமணத்துக்கு ஓகே சொன்னப்போ நாடே வானவில் கலர்ல மின்னுச்சு. ரெண்டு மாசத்துல இந்த சிலை கதை. அதே ஆகஸ்ட்ல ஸ்டோன்வால் பத்தின ஒரு ஹாலிவுட் படத்தோட டிரெய்லர் வந்துச்சு, அதுல ஹீரோ கிராமத்துல இருந்து வந்த வெள்ளைக்கார பையன். எரியுமா எரியாதா சொல்லுங்க.

இப்ப ஜெயிலுக்கு வருவோம், அவங்க அரசியல் ஆரம்பிச்ச இடம் அதுதான். ஒரு திருட்டு கேஸ்ல உள்ள போனாங்க, ஆம்பளைங்க ஜெயில். அங்க பிராங்க் "பிக் பிளாக்" ஸ்மித்னு ஒருத்தர் பழக்கமாறார். 1971 செப்டம்பர்ல அட்டிகா ஜெயில் எழுச்சின்னு நடந்துச்சே, 43 பேர் செத்தது, அதுல கைதிங்க தரப்புல பாதுகாப்பை பாத்துக்கிட்டவர். அவர் இவங்களை மிஸ் மேஜராவே நடத்தினார், கிண்டல் இல்ல, பரிதாபமும் இல்ல. கூடவே ஒரு பாடம்: ஒரு கூட்டத்துக்கு வேலை செய்யணும்னா யாரையும் தெருவுல விட்டுட்டு போகக்கூடாது. வாழ்க்கை முழுக்க அவங்க சொல்லிட்டு இருந்த கதை இது. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, முதல் அங்கீகாரம் அவங்களுக்கு அரசாங்கத்துகிட்ட இருந்தோ அவார்டு கமிட்டிகிட்ட இருந்தோ வரல, சக கைதிகிட்ட இருந்து வந்துச்சு.

[திரையில்: சான் பிரான்சிஸ்கோ, டெண்டர்லாயின் தெரு. ஒரு பழைய வேன்.]

எய்ட்ஸ் காலம். ஆஸ்பத்திரியில தொட பயந்தாங்க, குடும்பம் வரல. அப்ப வீட்டுக்கு போய் குளிப்பாட்டி, துடைச்சு, கஞ்சி ஊத்தினவங்கள்ல திருநங்கைங்க நிறைய, இவங்களும் ஒருத்தங்க. சான் பிரான்சிஸ்கோவுல ஊசி மாத்திக்கொடுக்கற வேனை ஓட்டினாங்க. போதை ஊசி போடறவங்களுக்கு புது ஊசியான்னு சிலர் இப்பவும் கேப்பீங்க, ஒரே ஊசியை நாலு பேர் போட்டா எச்ஐவி பரவும்ங்க, அவ்வளவுதான் லாஜிக். அப்புறம் 2005ல இருந்து ஜெயில்ல இருக்கற திருநங்கைங்களுக்காக வேலை செய்யற ஒரு அமைப்புல சேந்து, பின்னாடி அதோட தலைவராவும் ஆனாங்க. உள்ள இருக்கற பொண்ணுங்களுக்கு லெட்டர், வெளிய வந்தா வேலை, வக்கீல். கவர் மேல அவங்க வெச்சுக்கிட்ட பேரை எழுதினாலே ஜெயில்ல லெட்டர் போய் சேருமான்னு சந்தேகம், ஏன்னா ரெக்கார்டுல வேற பேர் இருக்கும். பேர்ங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க தெரியும்.

ஊர்ல பாதி பேருக்கு அவங்க மாமா. நம்ம மாமா இல்லைங்க, இங்கிலீஷ்ல அம்மா. அவங்க பதிலுக்கு என் பொண்ணுங்க, என் பேத்திங்கன்னுதான் கூப்பிடுவாங்க. நம்ம பக்கம் திருநங்கைங்க ஜமாத்துல அம்மா, மக, பேத்தின்னு உறவு கட்டிக்கறது தெரிஞ்சவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

மரியாதை வராமலும் இல்ல. ஊர்வலத்துல முன்னாடி போற மார்ஷலாக்கினாங்க, அவங்க மேல டாக்குமென்டரி வந்துச்சு, புத்தகமும் வந்துச்சு. வாங்கிக்கிட்டாங்க, சிரிச்சாங்க, ஆனா மேடையில ஏறினா என் பொண்ணுங்களுக்கு வேலை கொடுன்னுதான் பேச்சு. மாலை போட்டவங்க கொஞ்சம் நெளிஞ்சிருப்பாங்க.

சிலை விஷயத்துக்கு வரேன். மார்ஷா 1992ல ஹட்சன் ஆத்துல பிணமா கிடைச்சாங்க, போலீஸ் தற்கொலைன்னு எழுதி முடிச்சுட்டாங்க, கேஸை மறுபடி எடுக்கவே 20 வருஷம் ஆச்சு. 2019ல நியூயார்க் நகரம் மார்ஷாவுக்கும் சில்வியாவுக்கும் நினைவுச்சின்னம் வைப்போம்னு அறிவிச்சுது. ரெண்டு வருஷம் ஆச்சு, ஒன்னும் வரல, 2021 ஆகஸ்ட் 24, மார்ஷா பிறந்தநாள் அன்னைக்கு ஆர்வலர்களே மார்ஷாவோட மார்பளவு சிலை ஒன்னை தூக்கிட்டு வந்து, நாம முதல்ல பாத்தோமே அதே பார்க்ல வெச்சுட்டாங்க.

2025 பிப்ரவரில இன்னொரு கூத்து. ஸ்டோன்வால் இப்ப தேசிய நினைவுச்சின்னம், 2016ல ஒபாமா அறிவிச்சது. அதுக்கான அரசாங்க வெப்சைட்ல இருந்து டிரான்ஸ்ஜெண்டர்ங்கற வார்த்தையையே தூக்கிட்டாங்க, ஓரின, இருபால் விருப்பம் உள்ளவங்களையும் திருநர்களையும் சேத்து சொல்ற எல்ஜிபிடில, திருநரை குறிக்கற டி காணோம். அமெரிக்க அரசு இனிமே ரெண்டு பாலினத்தைத்தான் ஏத்துக்கும்னு டிரம்ப் ஜனவரில போட்ட ஆணையோட தொடர்ச்சி. 1973ல ஊளையிட்டவங்க வேற, இவங்க வேற, ஆனா பிடுங்கப் பாக்கறது அதே எழுத்து.

மிஸ் மேஜர் அப்ப உயிரோட இருந்தாங்க, ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக்ல. ஏன் அங்கன்னு கேக்கறீங்களா? தெற்குல இருக்கற திருநங்கைங்களுக்கு போக்கிடம் இல்லைங்கறதுதான் காரணம். 18 வயசுக்கு கீழ உள்ள திருநர் பிள்ளைங்களுக்கு பாலின மாற்ற சிகிச்சையை தடை பண்ணின முதல் மாநிலம் அதுதான், 2021ல, கவர்னர் வீட்டோ பண்ணியும் சட்டசபை மீறி பாஸ் பண்ணுச்சு. அந்த ஊர்லதான் அவங்க ஒரு இடத்தை வாங்கி, பனைமரம் நட்டு, நீச்சல் குளம் வெச்சு, இயக்கத்துல ஓடி ஓடி களைச்சவங்க வந்து சும்மா படுத்து எந்திரிச்சு போற மாதிரி ஒரு விருந்தினர் வீடு கட்டினாங்க. அங்க யாரும் வந்து யாருக்கும் ஸ்பீச் கொடுக்க வேண்டியதில்ல.

[திரையில்: நீச்சல் குளம், ஓரத்துல பனைமரம்.]

2025 அக்டோபர் 13, அதே ஊர்ல, தன் வீட்டுலயே கண்ணை மூடினாங்க. வயசு 78.