பழைய ட்யூப் லைட் பட்டியில எல்.ஈ.டி. ட்யூப்: சுவிட்ச ஆஃப் பண்ணிட்டா போதுமா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு கடலூர் தேவனாம்பட்டினத்துல எங்க சித்தி வீட்டுல இருக்கேன். பின்னாடி ஒரு ரீங்காரம் கேக்குதுல்ல, அது கடல் இல்ல, சோக்கு.

[ஹால் சுவத்துல இருக்கிற பழைய பட்டி]

இது நாலடி பட்டி, 36 வாட் ட்யூப். ஆனா மீட்டர்ல ஓடுறது 36 இல்ல, இந்த காப்பர் சோக்கு சூடாகியே இன்னும் ஒரு 10 வாட் தின்னுடும். அதுக்கு பதிலா 18 வாட் எல்.ஈ.டி. ட்யூப் போட்டா, தினம் ஆறு மணி நேரம் எரியுற லைட்டுக்கு மாசம் சுமாரா 5 யூனிட் மிச்சம். பழைய ட்யூபுக்கு ஸ்டார்ட்டரும் சோக்கும் சேர்ந்து ஒரு உதை குடுத்தாதான் எரியும், எரிஞ்ச பிறகு கரண்ட் எகிறாம சோக்குதான் புடிச்சு வெக்கும். எல்.ஈ.டி. ட்யூபுக்குள்ளயே டிரைவர்னு ஒரு சின்ன சர்க்யூட் இருக்கு, 230 வோல்ட்ட அதுவே வாங்கிக்கும், சோக்குக்கு வேலையே இல்ல.

இப்ப ஒயர வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இந்த வீடியோவே இதுக்குதான்.

போன வாட்டி இதே வீட்டுல வேற ரூம் பட்டிய கழட்ட வந்தேன், சுவிட்ச ஆஃப் பண்ணேன், மெயினையும் எறக்கினேன், ஸ்டூல் மேல ஏறி ஸ்க்ரூவ எல்லாம் கழட்டிட்டு "சித்தி, கரண்ட் சுத்தமா இல்ல, கிட்ட வந்து டார்ச் அடிங்க"ன்னு சொல்றேன், அவங்க மேல பாத்துட்டு "ஏண்டா, ஃபேன் சுத்துதேடா"ங்கறாங்க. அந்த ஃபேன் காத்துலயே நின்னுகிட்டு கரண்ட் இல்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்! இன்வர்ட்டர் லைன். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சு நாள்கணக்கா இருட்டுல கெடந்த ஊரு இது, அதுக்கு அப்புறம் எங்க சொந்தத்துல இன்வர்ட்டர் வாங்காத வீடே இல்ல, பாண்டியில இருக்கிற மாமா வீட்டுலயும் இதே கதைதான். வாங்குனா மொதல்ல அதுல சேக்குறதே ஹால் ட்யூப் லைட்டும் ஃபேனும்தான்.

அதனால மெயினயும் எறக்கணும், இன்வர்ட்டரயும் ஆஃப் பண்ணணும், ரெண்டும். இன்வர்ட்டர் சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணீங்கன்னா வெளிய இருந்து வர்ற கரண்ட் அது வழியாவே பட்டிக்கு போகும், மெயின மட்டும் எறக்குனா பேட்டரி எடுத்துக்கும். அப்புறம் டெஸ்டர். எல்லாத்தையும் ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே ஒரு ப்ளக்ல வெச்சு டெஸ்டர் எரியுதான்னு பாத்துக்கோங்க, செத்துப்போன டெஸ்டர் எங்க வெச்சாலும் "கரண்ட் இல்ல"ன்னுதான் சொல்லும். ப்ளாஸ்டிக் ஸ்டூல் மேல செருப்பு போட்டு நின்னா நல்ல டெஸ்டரே மங்கலாதான் எரியும், பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. மல்டிமீட்டர் இருந்தா அதுதான் எனக்கு நம்பிக்கை. புறங்கையால தொட்டு பாக்குற ஆளுங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம்.

[பட்டி மூடிய கழட்டினதும் உள்பக்கம், கிட்டத்துல]

பாருங்க, உப்புக் காத்து என்ன பண்ணி வெச்சிருக்குன்னு. காப்பர் பூரா பச்சையா களிம்பு, ஹோல்டர் மஞ்சளாகி, விரல்ல அழுத்தினா பொரி மாதிரி நொறுங்குது. இத அப்படியே வெச்சு புது ட்யூப் மாட்டாதீங்க, ஹோல்டர் ஒண்ணும் பெரிய வெல இல்ல. ஒயர் முனைய பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டி சீவிக்கோங்க.

இப்ப ட்யூப பாருங்க, கடையில வாங்கும்போதே இத பாக்கணும். சிலதுல பேஸ் (கரண்ட் வர்ற ஒயர்), நியூட்ரல் (திரும்பிப் போற ஒயர்) ரெண்டும் ஒரே முனையில குடுக்கணும், சிலதுல இந்த முனைக்கு பேஸ், அந்த முனைக்கு நியூட்ரல். ட்யூப் மேலயோ அட்டையிலயோ படம் போட்டிருப்பான், அந்தப் படம் சொல்றதுதான் சட்டம், நான் சொல்றது கூட இல்ல. எனக்கு ஒரு முனை டைப்தான் புடிக்கும், ஏன்னா ரெண்டு முனை டைப்ல ஒரு பக்கத்த மாட்டிட்டு இன்னொரு பக்கம் கையில இருக்கும்போது எவனாவது சுவிட்ச போட்டா, ட்யூப் வழியாவே கரண்ட் உங்க கையில இருக்கிற பின்னுக்கு வந்துரலாம்.

ஆனா ஒரு முனை டைப்லயும் ஒரு வில்லங்கம் இருக்கு. சில ட்யூப்ல மறு முனை பின்னு ரெண்டும் உள்ளுக்குள்ளயே ஒண்ணா சேந்திருக்கும், திருப்பி மாட்டுனா நேரா ஷார்ட்டு, டப்புன்னு ட்ரிப் ஆகும். அதனால கரண்ட் வர்ற ஹோல்டர் பக்கம் பட்டியில மார்க்கர்ல ஒரு கோடு போட்டுருங்க.

வேலைன்னு பாத்தா கொஞ்சம்தான். சோக்க கழட்டு, ஸ்டார்ட்டர் ஹோல்டரையும் அதோட ஒயரையும் மொத்தமா எடு, ஒரு முனை டைப்னா கோடு போட்ட ஹோல்டர்லயே பேஸ ஒரு பின்னுக்கு, நியூட்ரல அடுத்த பின்னுக்கு, ஜாயிண்ட் வந்தா கனெக்டர் போடு, வெறும் டேப் சுத்தி விடாத, இந்த ஊர் வேர்வைக்கும் வெக்கைக்கும் அது ஒரே கோடையில உரிஞ்சிடும். பட்டி இரும்பா இருந்தா எர்த் ஒயர் கண்டிப்பா வேணும்.

ட்யூப் கூடவே டம்மி ஸ்டார்ட்டர், அதாவது பழைய ஸ்டார்ட்டர் எடத்துல மாட்டுற டூப்பு, குடுத்திருந்தா, காப்பர் சோக்கு பட்டியில வெட்டவே வேணாம், ஸ்டார்ட்டர மட்டும் மாத்தி அவன் சொன்ன மாதிரி மாட்டலாம். எலக்ட்ரானிக் சோக்குன்னா அதுல ஸ்டார்ட்டரே கெடையாது, அந்த வழி நடக்காது.

[ட்யூப் எரியுது, சத்தம் இல்ல]

எரிஞ்சிடுச்சு. ராத்திரி ஆஃப் பண்ண பிறகும் ட்யூப் மங்கலா மினுக்கிட்டே இருந்தா, பெரும்பாலும் சுவிட்ச் பேஸ்ல இல்லாம நியூட்ரல்ல இருக்குன்னு அர்த்தம். அப்படின்னா சுவிட்ச ஆஃப் பண்ணாலும் பட்டியில கரண்ட் நின்னுகிட்டேதான் இருக்கும், எலக்ட்ரீஷியன கூப்பிட்டு போர்டுல மாத்தச் சொல்லுங்க.

கழட்டுன பழைய ட்யூப ஒடைக்காதீங்க, உள்ள பாதரசம் இருக்கு. இதே பட்டியில எவனாவது மறுபடி சாதா ட்யூப் மாட்டுனா, சோக்கு இல்லாம இழையில நேரா 230 வோல்ட் பாயும், ட்யூப் காலி. அதனாலதான் சித்தி காலண்டர் அட்டைய வெட்டி "எல்.ஈ.டி. மட்டும்"னு எழுதி பட்டியில ஒட்டிட்டாங்க, கீழ சின்னதா "ஃபேன பாருடா"ன்னு வேற.