பெல்ட் இடுப்பில் இருக்கிறது, ஒழுக்கம் எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"தற்காப்புக் கலை கற்பவரிடம் சுயகட்டுப்பாட்டை வளர்ப்பது தினப் பயிற்சியா, பெல்ட்டும் பதக்கமுமா?" இதுதான் இன்றைய தலைப்பு. தினப் பயிற்சியே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு போடு போட்டார்: "பெல்ட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள், அடுத்த வாரமே கராத்தே வகுப்பு காலி!" கைதட்டலும் பலமாக விழுந்தது. ஐயா, அவர் எங்கள் அணிக்கு அல்லவா சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்? பெல்ட்டை எடுத்ததும் ஓடிவிடுகிற பிள்ளையிடம் அந்தப் பெல்ட் இத்தனை நாளாக எந்தக் கட்டுப்பாட்டை வளர்த்தது? மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம் என்றால், வீட்டில் கட்டுப்பாடாக இருக்கக் கற்றுக்கொள்கிறவர் அப்பா மட்டும்தான்; அதுவும் செலவில்.

பெல்ட் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு இரண்டு மாணவர்களுக்கு முதல் 'தான்' நிலை, அதாவது இன்று கறுப்புப் பெல்ட்டுக்கு உரிய தரம், கொடுத்தார். இன்று நம் பிள்ளைகள் கட்டும் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் அன்றைக்குக் கிடையாது. அவை பின்னால் ஐரோப்பாவில் பரவியவை; 1930களில் பிரான்ஸில் ஜப்பானிய ஜூடோ ஆசிரியர் கவாய்ஷி கற்பித்த காலத்தில் வேரூன்றியவை. கலை முதலில் வந்தது, கலர் பிறகு வந்தது.

கராத்தேவில் இது இன்னும் தெளிவு. நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் ஃபுனாகோஷி கிச்சின், ஜப்பானின் ஒக்கினாவா தீவில் பகலில் பள்ளி ஆசிரியர். இரவில் குரு அசாதோவின் வீட்டுப் பின்முற்றத்தில் ஒரே கட்டாவை, அதாவது ஒரே அசைவுத் தொடரை, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் செய்தவர். குரு தலையசைக்கும்வரை அடுத்தது கிடையாது. அப்போது தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை, மேடையும் இல்லை. அவர் மறைந்த 1957ஆம் ஆண்டில்தான் ஜப்பான் கராத்தே சங்கம் முதல் அகில ஜப்பான் போட்டியையே நடத்தியது. போட்டியே இல்லாத காலத்தில் அவருக்கு ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்பதை எதிரணிதான் சொல்ல வேண்டும்.

வரலாறு போதும். தினப் பயிற்சி உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதுதான் என் வாதத்தின் மையம்.

ஜூடோவில் முதல் பாடம் எறிவது அல்ல, விழுவது. பின்னால் சாயும்போது மனிதக் கை தானாகத் தரையை ஊன்றப் போகும். ஊன்றினால் மணிக்கட்டு போகும், முழங்கை போகும், சில சமயம் காறையெலும்பு போகும். அதனால் என்ன கற்றுத் தருகிறார்கள்? குந்தி உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து உருண்டு, இரண்டு கையையும் உடம்பிலிருந்து 45 பாகைக்கு மேல் விரியாமல் பாயில் அறைய வேண்டும். குந்திய நிலையில் சரியாக வந்தபிறகு பாதி எழுந்த நிலை, அதன்பிறகு நின்ற நிலை. தாடை தூக்கியிருந்தால் பின்மண்டை பாயில் மோதும். கை அதிகம் விரிந்தால் தோள் வாங்கிக்கொள்ளும்.

இதில் என்ன நடக்கிறது பாருங்கள் ஐயா. பயத்தில் தானாக வருகிற ஓர் அசைவை நிறுத்தி, அந்த இடத்தில் வேறோர் அசைவை வைக்கிறார்கள். சுயகட்டுப்பாடு என்பது இதுதானே? இதைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்ய முடியுமா? விழுகிற நேரத்தில் யோசிக்க அரை வினாடிகூடக் கிடைக்காது. நேற்றும் முந்தாநாளும் விழுந்து பழகியது மட்டும்தான் வெளியே வரும்.

நம் சிலம்பத்துக்கு வாருங்கள். நல்ல ஆசான் வந்தவுடன் கம்பைக் கையில் கொடுப்பதில்லை. முதலில் காலடி. முன்கால், பின்கால், திரும்பு, மாறு. பையன் சலித்துப்போவான், "எப்ப சார் கம்பு?" என்பான். காலடி பழகாமல் நெற்றி உயரமுள்ள கம்பைச் சுழற்றினால் அது கணுக்காலைத் தட்டும். அடுத்த தவறு பிடி. பயத்தில் கம்பை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். சுழற்சி தோளுக்கு ஏறும். மறுமுனை முழங்காலிலோ காதிலோ வந்து விழும். "தளர்த்திப் பிடி" என்று ஆசான் நூறு முறை சொல்வார். பதற்றத்தில் இருப்பவனுக்குத் தளர்த்துவதுதான் உலகத்திலேயே கடினமான வேலை. அதைக் கை கற்றுக்கொள்ளப் பல வாரம் ஆகும், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

எதிரணிச் சகோதரி கேட்டார்: "தினப் பயிற்சி, தினப் பயிற்சி என்கிறீர்களே, அதைத் தொடரவே ஒழுக்கம் வேண்டாமா?" நியாயமான கேள்வி. பெரும்பாலோர் ஏன் விடுகிறார்கள்? முதல் நாள் வேகத்தில் ஒரு மணி நேரம் செய்கிறார்கள். மூன்றாம் நாள் தொடை பிடித்துக்கொள்கிறது, நான்காம் நாள் மழை, ஐந்தாம் நாள் கல்யாணம், அதோடு சரி. கெட்டது மன உறுதி அல்ல, அளவு.

ஆகவே அளவைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் 10 நிமிடம், அதற்கு மேல் ஆசை வந்தாலும் கூடாது. இடம் ஆறுக்கு ஆறு அடி போதும். நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாமல் ஒரு வேலையோடு கட்ட வேண்டும்: பல் துலக்கியதும் பயிற்சி. வணக்கம், மூட்டுகளுக்கு மூன்று நிமிடம், காலடி நான்கு நிமிடம், மிச்சத்தில் ஒரே ஓர் அடி அல்லது குத்து, பத்துப் பத்தாக. மூன்றாம் வாரத்திலிருந்து 20 நிமிடம். முடிந்ததும் ஒரு நோட்டில் ஒரே வரி: இன்று எது தவறியது. "பின்குதிகால் தூக்கியது." அவ்வளவுதான். மறுநாள் அந்த ஒன்றை மட்டும் கவனிப்பது. ஐந்து தவறை ஒரே நாளில் திருத்தப் போனால் ஒன்றும் திருந்தாது.

ஒரு நாள் விட்டுப்போனால்? இங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். மறுநாள் இரண்டு மடங்கு செய்து கடனை அடைக்கப் பார்க்கிறார்கள். அது பயிற்சியைத் தண்டனையாக்கிவிடும், மூட்டும் வலிக்கும். விட்ட நாள் விட்டதே. மறுநாள் பாதி அளவு செய்து மீண்டும் தொடங்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் வெறும் அலுப்பு மட்டும் என்றால் வணக்கம் வைத்து ஒரு சுற்றுக் காலடி, முடிந்தது. செல்போன் உதவுமா என்றால், உதவும். வாரத்துக்கு ஒருமுறை முப்பது வினாடி படம் பிடித்துத் தன் காலைத் தானே பார்க்கலாம். ரீல்ஸ் போடுவதற்காகப் பிடித்தால் கால் போகும் இடத்தைவிட முகம் இருக்கும் கோணம்தான் முக்கியமாகிவிடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தினமும் செய்தால் போதும், ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்பது எங்கள் கட்சி அல்ல. திருத்துவதற்கு ஆசான் இல்லாமல் தினமும் செய்தால் தவறுதான் தினமும் கெட்டிப்படும். முன்நிற்கும் முழங்கால் உள்ளே சாய்வதை யாரும் சொல்லாவிட்டால், ஒரு வருடத்தில் கிடைப்பது மூட்டு வலி. திருத்தத்தை முகம் சுளிக்காமல் வாங்குவதும் பயிற்சியின் பகுதி. அது இல்லாததால்தான் பல வருடம் பழகியும் கோபம் குறையாத சிலரைப் பார்க்கிறோம்.

அடுத்து, "போட்டிதான் பயத்தைக் காட்டும்" என்றார்கள். காட்டும், மறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டுக்கான கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது, எங்களுக்கும் பெருமைதான். ஆனால் போட்டி காட்டுவது ஒன்று, வளர்ப்பது வேறு.

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7. கராத்தே ஆடவர் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு இறுதிப்போட்டி. சவூதியின் தாரிக் ஹமேதி 4-1 என்று முன்னிலை. ஓர் உதை ஈரானின் சஜாத் கஞ்சாதேவின் தலைப்பகுதியில் விழுந்தது; அவர் நினைவிழந்து கிடந்தார். அளவுக்கு மீறிய தாக்குதல் என்று ஹமேதி தகுதி நீக்கப்பட்டார். தூக்குப்படுக்கையில் கொண்டுபோகப்பட்டவருக்குத் தங்கம், நின்றுகொண்டிருந்தவருக்கு வெள்ளி. ஹமேதியின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உதையை இலக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்துகிற கட்டுப்பாடு எங்கே பிறக்கிறது? பயிற்சிக் கூடத்தில், எதிரே நிற்கும் தோழனின் தாடைக்கு முன் கைமுட்டியை நிறுத்தி நிறுத்திப் பழகும் மாலைகளில். இறுதிப்போட்டி அதைக் கற்றுக்கொடுக்காது. இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் தங்கத்தை எடுத்துக்கொள்ளும்.

நேரம் முடிந்தது என்று மணி அடிக்கிறார்கள். அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை. டோக்கியோ போட்டி நடக்கும் முன்பே அது தெரிந்த விஷயம். பதக்கம்தான் ஒழுக்கத்தைத் தருகிறது என்றால், டோக்கியோ முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் மறுநாள் காலையில் எதற்காக உடை மாற்றிக்கொண்டு பயிற்சிக்குப் போனார்கள்? பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.