பட்டம் தெரியாத செடி

வணக்கம் நேயர்களே. முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. ரோஜா இலையில் புள்ளி விழுந்தாலும் கறிவேப்பிலைக் கன்று துளிர்க்காவிட்டாலும் என் கைப்பேசிக்குத்தான் படம் வரும். போன ஜூன் மாதம் வந்த படம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அனுப்பியவன் என் தம்பி மகன். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் வேலை பார்க்கிறான். படத்தில் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு சாண் உயரத்தில் ஒரு செடி. அதன் உச்சியில் வெள்ளை மயிர் போல ஏதோ கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரே ஒரு வரி: "பெரியப்பா, இதுக்கு என்ன நோய்?"

நோய் ஒன்றும் இல்லை. அது பூ. செடி, கஞ்சாச் செடி.

எனக்கும் முதலில் தூக்கிவாரித்தான் போட்டது. அப்புறம் அவனே சொன்னான். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது நிரம்பியவர்கள் தம் வீட்டில் மூன்று செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது. கனடாவில் 2018இலிருந்து ஒரு வீட்டுக்கு நான்கு செடி என்று கணக்கு. ஆனால் கியூபெக் மாகாணத்தில் அதுவும் கூடாது. நம் நாட்டில் கதையே வேறு. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி அனுமதி இல்லாமல் கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆகவே இந்த உரையைக் கேட்டுவிட்டு யாரும் மொட்டை மாடிக்குத் தொட்டி தூக்க வேண்டாம். புகைப்பதைப் பற்றி எனக்கும் என் தம்பி மகனுக்கும் தனியாக ஒரு சண்டை இருக்கிறது. அதை நாங்கள் வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறோம். இங்கே நான் பேச வந்தது அந்தச் செடியின் கடிகாரத்தைப் பற்றி மட்டும்தான்.

அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. இணையத்தில் அவன் பார்த்த செடிகளெல்லாம் ஆள் உயரம். இவனுடையது முளைத்து 26 நாள்தான் ஆகிறது. ஒரு சாண் உயரத்தில் பூத்துவிட்டது. அதுவும் ஜூன் மாதத்தில். ஜூன் கடைசியில் லைப்சிக்கில் பகல் பதினாறரை மணி நேரம். எனக்கு உறுத்தியது இந்த விஷயம்தான். ஏனென்றால், கஞ்சா நீண்ட இரவு வந்தால்தான் பூக்கும் என்றுதான் நான் காலம் காலமாக வகுப்பில் சொல்லிவந்தேன்.

இந்தப் பாடத்தின் ஆரம்பமே கஞ்சாச் செடியில்தான் என்பது பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போருக்கு முந்தைய சில ஆண்டுகளில், பாரிஸில் ஜூலியன் தூர்னுவா என்ற இளம் ஆய்வாளர் நாருக்காகப் பயிரிடும் கஞ்சாவையும், பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் கொடியின் இனத்தையும் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் விதைத்த செடிகள், வளராத குட்டிச் செடிகளாக இருக்கும்போதே பூத்தன. சூடு காரணமா, ஈரம் காரணமா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் வெளிச்ச நேரத்துக்கு வந்து சேர்ந்தார். பகல் குறைந்தது என்பதைவிட இரவு நீண்டது என்பதே காரணம் என்று 1914இல் எழுதினார். அதே ஆண்டு போரில் இறந்துபோனார். அவர் தொடாத மிச்சத்தைச் செய்து பெயர் வாங்கியவர்கள் இரண்டு அமெரிக்கர்கள், கார்னரும் அல்லார்டும். மேரிலாந்து மாமத் என்றொரு புகையிலை ரகம் கோடை முழுவதும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும், பூக்கவே பூக்காது. விதை எடுக்க வழியில்லை. 1918 ஜூலையில் அவர்கள் சில தொட்டிகளை மாலை நான்கு மணிக்கே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டார்கள். கோடையின் நடுவிலேயே செடி பூத்தது. 1920இல் அந்தக் கட்டுரை வெளியானது. அப்புறம் 1938இல் இன்னும் இரண்டு பேர், நம் குளத்தங்கரைகளில் முள் காயோடு நிற்குமே மருளூமத்தை, அதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தார்கள். அவ்வளவுதான், செடி பூக்கவில்லை. அது அளந்துகொண்டிருந்தது இருட்டை. நடுவில் இருட்டு அறுந்ததும் கணக்கு தப்பிவிட்டது.

இதை நான் என் வீட்டு வாசலிலேயே பார்த்தேன். வாசலில் ஒரு செவ்வந்தித் தொட்டி. வருஷா வருஷம் கார்த்திகையில் மொட்டு கட்டிவிடும். எங்கள் தெருவில் பழைய விளக்கை எடுத்துவிட்டுப் பளீரென்று வெள்ளை விளக்கு போட்டார்கள். அந்த வருஷம் கார்த்திகையும் போனது, மார்கழியும் வந்தது. இலை மட்டும் தளதளவென்று இருந்தது, மொட்டைக் காணோம். உரம் போதவில்லை என்று என் மனைவி தினமும் டீத்தூள் போட்டாள். எனக்குக்கூட விளக்கு உறைக்கவில்லை, பாருங்கள். வகுப்பில் ஆயிரம் தடவை சொன்னவன்! கடைசியில் தொட்டியைத் தூக்கிக் கொல்லைப்புறம் வைத்தோம். சில வாரத்தில் மொட்டு வந்தது. ஓசூர்ப் பக்கமும், எல்லை தாண்டிக் கர்நாடகத்திலும் செவ்வந்தி விவசாயிகள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். தோட்டத்தில் கம்பி கட்டி வரிசையாகப் பல்பு தொங்கவிட்டு, செடி நன்றாகக் கிளைக்கும் வரை இரவில் எரியவிடுவார்கள். எப்போது பூ வேண்டுமோ அதற்குக் கணக்குப் பண்ணி விளக்கை அணைப்பார்கள்.

சரி, லைப்சிக் செடிக்கு வருவோம். அவனிடம் விதைப் பொட்டலத்தின் படத்தைக் கேட்டேன். அதில் 'ஆட்டோஃபிளவரிங்' என்று போட்டிருந்தது. முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்களாம். தானாகப் பூப்பது என்று தமிழில் சொல்லலாம். தானாகப் பூக்காத செடி எது என்று நீங்கள் கேட்பீர்கள். விஷயம் என்னவென்றால், மற்ற கஞ்சா ரகங்களை வீட்டுக்குள் விளக்கு வைத்து வளர்ப்பவர்கள் முதலில் 18 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பார்கள். பூக்க வைக்க வேண்டுமென்றால் அதை 12 மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பன்னிரண்டு மணியும் கும்மிருட்டாக வைக்க வேண்டும். இந்த ரகத்துக்கு அந்த வேலை இல்லை. வெளிச்சம் எவ்வளவு கொடுத்தாலும் முளைத்த மூன்று நான்கு வாரத்தில் பூக்க ஆரம்பித்துவிடும். எட்டுப் பத்து வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். இருட்டை அது எண்ணுவதே இல்லை. தன் வயதை மட்டும் எண்ணுகிறது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? ருஷ்யாவிலிருந்து. வோல்கா நதிப் பக்கம் சாலையோரத்திலும், தரிசிலும், குப்பைமேட்டிலும் தானாக முளைக்கும் ஒரு குட்டைக் கஞ்சாவை 1924இல் யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் தனி இனமாக விவரித்து, ருடெராலிஸ் என்று பெயர் வைத்தார். இடிபாட்டில் வளர்வது என்று அர்த்தம். தனி இனமா இல்லையா என்று இன்றைக்கும் தகராறு உண்டு. அதற்குள் நாம் போக வேண்டாம். அந்த ஊரின் நிலைமையை மட்டும் யோசித்துப் பாருங்கள். கோடையில் பகல் பதினாறு மணி நேரத்துக்கு நீண்டுகிடக்கும். இரவு நீளட்டும் என்று செடி காத்திருந்தால் ஆகஸ்ட் ஆகிவிடும். அதன் பிறகு பூத்து, விதை முற்றுவதற்குள் உறைபனி விழுந்துவிடும். காத்திருந்த செடிகள் வாரிசு இல்லாமல் போயின. காத்திருக்கத் தெரியாதவை விதை போட்டுவிட்டுச் செத்தன. தலைமுறை தலைமுறையாக இப்படிச் சலித்துச் சலித்து மிஞ்சியதுதான் அந்தக் குட்டைச் செடி. போதை அதில் மிகக் குறைவு, அதனால் ரொம்ப நாள் யாரும் சீந்தவில்லை. 2000களின் தொடக்கத்தில் லோரைடர் என்ற ரகம் சந்தைக்கு வந்தது. ருடெராலிஸின் அவசர குணத்தை மற்ற ரகங்களோடு கலந்து உருவாக்கிய முதல் விற்பனை ரகம் அது. இந்தக் குணம் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. சாதாரணச் செடியோடு கலந்தால் முதல் தலைமுறையில் ஒளிந்துகொள்ளும்; இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்றுதான் தானாகப் பூக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிக் கணக்கேதான்.

இதெல்லாம் சொல்லிவிட்டேன். "அப்ப இவ்வளவு குட்டையாத்தான் இருக்குமா?" என்று கேட்டான். இல்லை, இதைவிட வளர வேண்டும். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. விதையை எதில் போட்டாய் என்று கேட்டேன். காகித டீக் கோப்பையில் போட்டானாம். மூன்று வாரம் கோப்பையிலேயே இருந்திருக்கிறது. பெரிய தொட்டிக்கு மாற்றும்போது பார்த்தால், வேர் கோப்பைக்குள் சுற்றிச் சுற்றி நூல்கண்டு மாதிரி இருந்ததாம். பிரித்தபோது பாதி அறுந்துவிட்டது. அதன் பிறகு நாலு நாள் வாடிக் கிடந்து, எழுந்ததும் பூத்துவிட்டது.

இதைக் கேட்டதும் எனக்கு என் அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். நாங்கள் தஞ்சாவூர் ஜில்லா. ஆற்றில் தண்ணீர் வந்தால் குறுவை, அப்புறம் தாளடி, இல்லாவிட்டால் சம்பா ஒன்றோடு சரி. பழைய சம்பா ரகங்கள் இரவை எண்ணுபவை. நம் ஊரில், திருச்சி தஞ்சாவூர்ப் பக்கம், ஆண்டின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சின்ன மாற்றத்தையே அந்த நெல் கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கதிர் விடும். நாற்று கொஞ்சம் முற்றினாலும் பொறுக்கும். பட்டம் என்றால் விதைக்கும் பருவம்; ஆடிப்பட்டம் தேடி விதை என்பதெல்லாம் இப்படிப்பட்ட பயிர்களோடு பழகியவர்கள் பேச்சு. அப்புறம் குறுவைக்கு ஆடுதுறை 27 வந்தது. அதற்குப் பின்னாலேயே ஐ.ஆர். 8. அது பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ரகம். எந்த மாதம் போட்டாலும் சுமார் 130 நாளில் அறுப்பு. இரவைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது. ஊரே கொண்டாடியது. எங்கள் அப்பாவும் போட்டார், நல்ல மகசூலும் எடுத்தார். ஆனாலும் அதைச் "பட்டம் தெரியாத பயிர்" என்றுதான் கடைசி வரை சொல்வார். பாராட்டா திட்டா என்று நமக்குப் பிடிபடாது.

அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். மூன்று மாசப் பயிருக்கு மூன்று வாரம், அதற்கு மேல் நாற்றங்காலில் ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. ஒரு வருஷம் குறுவைக்குத் தண்ணீர் தாமதம். நாற்று நாற்பது நாளைத் தொட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் பறித்து நட்டார்கள். நாற்றின் வயது நாற்றங்காலிலேயே ஓடிவிட்டது அல்லவா? நட்டுக் கொஞ்ச நாளில், தூர் கட்டுவதற்கு முன்பே, முழங்கால் உயரத்தில் அங்கங்கே கதிர் எட்டிப் பார்த்தது. கதிர் ஒவ்வொன்றும் விரல் நீளம். அப்பா வரப்பில் நின்றுகொண்டு ஒரு கதிரை உருவிக் கையில் வைத்து எண்ணினார். நான் பக்கத்தில் நின்றேன். எத்தனை மணி என்று என்னிடம் சொல்லவே இல்லை. அதைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

லைப்சிக்கில் நடந்ததும் அதேதான். நாள் எண்ணிப் பூக்கும் செடிக்கு மூன்று வாரம் என்பது வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மூன்று வாரத்தை டீக் கோப்பைக்குள் கழித்துவிட்டது. இரவைப் பார்க்கும் ரகமாக இருந்திருந்தால், வேர் அறுந்தாலும் ஒரு மாதம் சும்மா நின்று, தேறி, வளர்ந்து, அப்புறம் பூத்திருக்கும். இதற்கு அந்த வசதி இல்லை. கடிகாரம் நிற்காது. ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது என்று கடையில் சொன்னதில் பாதிதான் உண்மை என்று நான் நினைக்கிறேன். வளர்ப்பவன் விளக்கைக் கவனிக்க வேண்டியதில்லை, அது சரி. ஆனால் ஆரம்பக்காரன் எங்கே தப்பு செய்வான்? ஆரம்பத்தில்தானே? தண்ணீரைக் கொட்டுவான், கோப்பையில் போடுவான், தினமும் தோண்டிப் பார்ப்பான். இந்தச் செடி மன்னிக்காத வாரங்களும் அவைதான்.

அவனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். அடுத்த விதையைக் கடைசி வரை இருக்கப்போகும் தொட்டியிலேயே நேராகப் போடு. மண்ணின் மேல்பரப்பு காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்று. இந்தச் செடியை என்ன செய்வது என்று கேட்டான். இருக்கட்டும், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான், "தாத்தா அந்த வருஷம் குறுவையை அறுத்தாரா பெரியப்பா?"

அறுத்தார். வைக்கோலுக்காக.