ஒரே மேசையின் இரு முனைகள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தீவுக் கடற்கரையில் கணவனும் மனைவியும் சேர்ந்து உணவகம் நடத்துவது இல்லறத்துக்கு வரமா, பாரமா? வரம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி கேட்டார்: "வீட்டிலும் அதே முகம், கடையிலும் அதே முகம், சலித்துப் போகாதா?" நான் கேட்கிறேன் அம்மா, தனித்தனி வேலைக்குப் போகிற எத்தனை பேருக்கு மற்றவர் பட்ட பாடு தெரியும்? இங்கே தெரியும். அடுப்பனலில் அவள் நிற்பதை அவன் பார்க்கிறான். விடியுமுன்னே படகுத்துறையில் மீனுக்காக அவன் காத்து நிற்பதை அவள் அறிவாள்.

அந்த மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரையும் கானாங்கெளுத்தியும் வெப்பத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஐஸ் வரும் படகு தாமதமான நாளில், "இந்த மீன் வேண்டாம், கொட்டிவிடுவோம்" என்று யார் சொல்வது? சம்பளத்துக்கு இருப்பவர் தயங்குவார். நட்டமும் தன்னுடையது, சாப்பிட வந்தவரும் தன் விருந்தாளி என்று நினைக்கிற பெண் துணிந்து சொல்வாள். அவன் தலையசைப்பான். அந்தத் தலையசைப்பில் இருக்கிறது ஐயா, இல்லறம்!

கடல் ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று விளக்கேற்றும் நேரத்தில் ஏறிய தண்ணீர், இன்று சாப்பாட்டு வேளையில் மேசைக் காலைத் தொடும். ஒருவர் ஒரு முனையைத் தூக்கினால் சொல்லாமலே மற்றவர் மறுமுனையைப் பிடிக்கிற தொழில் இது.

"2020-ல் பயணிகள் வரவு நின்றதும் இருவர் வருமானமும் ஒன்றாக நின்றதே" என்றார்கள். உலகெங்கும் பன்னாட்டுப் பயணிகள் வரவு 70 விழுக்காட்டுக்கு மேல் சரிந்த ஆண்டு அது. பெரிய அடி, மறுக்கமாட்டேன். ஆனால் கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று இருவருக்குமே தெரிந்த வீட்டில், "என்னிடம் ஏன் மறைத்தாய்?" என்ற சண்டைக்கு இடமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உரிமத்தில் அவன் பெயர், கல்லாச் சாவி அவன் மடியில், அடுப்பு மட்டும் அவளுக்கு என்றால், அவள் அங்கே சம்பளமில்லாத வேலைக்காரி. எதிரணி சொன்ன கண்ணீர்க் கதைகள் எல்லாம் அந்தக் கடைகளின் கதைகள். நம் தலைப்பில் இருப்பது 'சேர்ந்து' என்ற சொல். அந்தச் சொல்லைப் பார்த்துத் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.