அரசே சீட்டு விற்ற காலம்

நடுவர் அவர்களே, இந்த மாலையில் மஞ்சக்குப்பத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். சூதாட்டத்தை அடக்க வல்லது கட்டுப்பாடா, தடையா என்பது தலைப்பு. "தடை போட்டால் சூது சந்துக்குள் நுழைந்துவிடும், உரிமம் கொடுத்தால் கண்காணிக்கலாம், வரியும் வரும்" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு அமர்ந்தார். தடையே என வாதாட வந்த நான், கட்டுப்பாட்டின் வரலாற்றையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

வட மாகாணங்களுக்கென 1867-இல் வந்த பொதுச் சூதாட்டச் சட்டம் சூதாட்ட விடுதி நடத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் வெறும் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு விலக்கும் அளித்தது. சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே விலக்கு உண்டு. திறமை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஆட்டங்கள் கரையேறின! ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குதிரைப் பந்தயமும் திறமை ஆட்டமே என்று 1996-இல் அதே நீதிமன்றம் சொல்ல, அதை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-இல் இயற்றிய சட்டம் பயனற்றுப் போனது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கு 2021-இல் கொண்டுவந்த தடையும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

லாட்டரியின் கதை இன்னும் வேடிக்கையானது. கட்டுப்படுத்த வேண்டிய அரசே 1968-இல் "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று ஒரு ரூபாய்ச் சீட்டை விற்றது, 1975-இல் நிறுத்தியது, பிறகு மீண்டும் தொடங்கியது. கடலூர் பேருந்து நிலையத்தருகே துணி கிளிப்பில் சீட்டுகள் வரிசையாகத் தொங்கிய கடைகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதுநகரில் மீன் கூடை இறக்கிய கையோடு வந்த ஒருவர், உப்புப் பூத்த நகத்தால் சுரண்டல் சீட்டைச் சுரண்டி, ஊதிப் பார்த்து, காலடியில் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் அடுத்த சீட்டுக்குக் கை நீட்டியதை நான் அருகில் நின்று பார்த்தேன். நண்பர் சொல்லும் வரி அந்தக் கையிலிருந்துதான் வந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா லாட்டரிகளுக்கும் தடை வந்தபின் அந்தக் கடைகள் போயின.

தடைக்குப் பின்னும் மூன்று நம்பர் லாட்டரி நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. ஆனால் துண்டுச் சீட்டில் எழுதும் அந்த எண்ணுக்குப் பரிசு உண்டா என்பதைப் பெரும்பாலும் எது முடிவு செய்கிறது? கேரள அரசு முறைப்படி நடத்தும் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கங்கள்! உரிமம் கொடுத்தால் சந்து அடைபடும் என்ற நண்பர், முதலில் இதற்கு விடை சொல்லட்டும்.