சோதித்துப் பார்ப்பவர்கள் கட்சி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாலை ஆராதனை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிற சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இன்றைய பண்பாட்டைக் கண்டு கிறிஸ்தவ இளைஞர் விலகி நிற்பதா, உள்ளே போய்ச் சோதித்துப் பார்ப்பதா? எதிரணித் தலைவர் அக்கா, "உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்" என்று யோவானின் முதல் நிருபத்தை வாசித்தார். சினிமா, ஓடிடி, ரீல்ஸ், கானா நான்கையும் அந்த ஒரு வசனத்தாலேயே தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா, அடுத்த வசனத்தையும் வாசித்திருக்கலாம். உலகம் என்றால் என்ன என்று அங்கேதான் விளக்கம் இருக்கிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. கடைசியாகச் சொன்ன பெருமை தியேட்டரில் கிடைப்பதைவிட நம் கல்யாண மண்டபத்தில்தான் அதிகம் கிடைக்கிறது. எத்தனை பவுன், என்ன கார், மாப்பிள்ளை எந்த ஊரில் வேலை! அதற்கு ஜெபம் பண்ணி ஆசீர்வாதமும் வாங்கிவிடுகிறோம். யோவான் சுவிசேஷம் பதினேழாம் அதிகாரத்தில் இயேசுவே, இவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டவில்லை, தீமையினின்று காக்கும்படி வேண்டுகிறேன் என்கிறார்.

எதிரணித் தம்பி தானியேலைத் துணைக்கு அழைத்தார், ராஜாவின் போஜனத்தைத் தொடாதவன் என்று. உண்மைதான். ஆனால் அந்தத் தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படித்தான். பெல்தெஷாத்சார் என்று பெயர் வைத்தார்கள், அந்த அரண்மனையிலேயே வேலை பார்த்தான். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நின்றான். அங்கேயும் கூச்சல் போடவில்லை. பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றான். சோதனை என்ற சொல்லே எங்கள் கட்சிச் சொல், தம்பி.

இந்த ஊருக்கே உரிய சாட்சி ஒருவர் இருக்கிறார். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் என்ற ராபர்ட் டி நொபிலி. காவி கட்டினார், சமஸ்கிருதமும் தமிழும் கற்றார். 1623இல் சேந்தமங்கலம், சேலம் வரை வந்தார். அதே ஆண்டில்தான் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்கு, மூடநம்பிக்கை கலக்காத வரையில், அனுமதி கொடுத்தார். சந்தனத்தைப் பற்றி ரோமாபுரி வரை வழக்கு நடந்தது. சாதி மட்டும் அவ்வளவு பெரிய வழக்காகவில்லை, ஊர் வழக்கம் என்ற பெயரில் உள்ளே வந்துவிட்டது. 1640 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்களையே வைத்தார்கள். நொபிலியின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். ஆனால் சோதனை தவறான இடத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவரே சாட்சி. கண்ணுக்குத் தெரிகிற பொட்டைப் பிடித்தோம், தெரியாததை விட்டோம். இன்றுவரை சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதியால் இரண்டாகக் கிடக்கிறது.

மரவள்ளியில் நஞ்சு உண்டு என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதற்காக யாரும் கிழங்கைத் தூக்கி எறிவதில்லை. தோல் உரித்து, அரைத்து, பாலை வடித்து, மாவைத் தொட்டியில் தங்கவிட்டு, மேல்தண்ணீரை இறக்கிவிட்டு ஜவ்வரிசி ஆக்குகிறோம். முறை தெரிந்தவர்கள் பயப்படுவதில்லை.

அப்படியானால் சினிமாவுக்கு முறை என்ன? 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கிய ஊரில் சினிமாவை வெளியூர்ப் பேய் என்று சொல்லவும் முடியாது. வாலிபர் கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் போதும். சபை மண்டபத்தில் முழுப் படத்தைப் போடாதீர்கள். இரண்டரை மணி நேரம் போய்விடும், தவிர ஓடிடி சந்தா வீட்டுக்குத்தான், மண்டபத்துக்கு அல்ல. எல்லாரும் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். முதல் கால் மணி நேரம் என்ன பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது மட்டும். நல்லது கெட்டது பேசக் கூடாது. பிறகு மூன்று கேள்விகள்: கடைசியில் யார் சந்தோஷமாக இருக்கிறார்? எது அதைக் கொடுத்தது? அதற்கு விலை கொடுத்தவர் யார்? வேதத்தைக் கடைசியில் திறங்கள். முதலிலேயே திறந்தால், படத்தைப் பார்க்காதவர்கூடச் சரியான பதில் சொல்லிவிடுவார்.

கெடுவது எங்கே? போதகர் முதலில் பேசினால் கெட்டது. அப்புறம் "ஆமாங்க ஐயா" தவிர வேறு சத்தம் வராது. கதாநாயகன் கையை விரித்தாலே சிலுவை என்று கண்டுபிடிக்கிற பக்தரும் உண்டு, அவரை அன்பாக உட்காரவையுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முத்தத்தை எண்ணிவிட்டு, கறுப்பாக இருக்கிறவரைக் கேலி செய்த வசனத்துக்குச் சிரித்ததை மறந்துவிடுவது. தணிக்கைச் சான்றிதழும் இதைப் பிடிக்காது. 2024 விதிகளின்படி யு/ஏ 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். அது வயதுக்கான வழிகாட்டி, மனசாட்சிக்கு அல்ல. ஓடிடியில் 13+க்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் பெற்றோர் பூட்டு இருக்க வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. அந்தப் பூட்டைப் போட்டவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்!

செல்போனைப் பற்றி அதிகம் வேண்டாம். யூடியூப்பில் பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்தி அழித்துவிடுங்கள், முகப்பில் பரிந்துரைகள் வராது. தேடிப் போனதை மட்டும் பார்ப்பீர்கள். வாட்ஸாப்பில் பலர் கைமாறி இரட்டை அம்புக்குறி போட்டு வருகிற செய்தியை அனுப்பும் முன் நிறுத்துங்கள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது சி.எஸ்.ஐ.க்காரர்களுக்கு ஒன்பதாம் கட்டளை, கத்தோலிக்கர்களுக்கு எட்டாம் கட்டளை. ஃபார்வர்டு செய்வதில் மட்டும் இரு சபைக்கும் ஐக்கியம்.

பாட்டுக்கு வருகிறேன். சினிமா மெட்டில் வேத வார்த்தையை வைத்துக் கேரல் பாடுகிறோம். பாடுகிறவர் மனதில் பெத்லகேம், கேட்கிறவர் மனதில் அந்தப் படத்தின் காட்சி. வழிபாட்டில் பாடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதையே யூடியூப்பில் ஏற்றினால் அந்த விலக்கு துணைக்கு வராது. சொந்த மெட்டு வேண்டும் என்றால் பறை இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிராமிய இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்து காட்டினார். ஏற்காட்டில் டிசம்பர் ராத்திரி கேரல் போனால் பனியில் பறையின் தோல் தொய்ந்து சத்தம் அமுங்கும். நாலைந்து வீட்டுக்கு ஒருமுறை தீயில் காட்ட வேண்டும், ரொம்பக் கிட்டே பிடித்தால் தோல் வெடிக்கும். இந்தச் சிரமத்தைப் படலாம் என்றால், "அது சாவு மேளம், ஆலயத்துக்கு ஆகாது" என்று ஒரு பெரியவர் எழுந்திருப்பார். கீபோர்டில் பட்டனைத் தட்டினால் வருகிற டிஸ்கோ தாளத்தை அவர் எந்த நாளும் ஆட்சேபித்ததில்லை.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணனிடம் ஒரே கேள்வி. வரன் தேடும் விளம்பரத்தில் "கிறிஸ்தவர்" என்பதற்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரையும் போடுகிறோமே, விலகி நிற்கிற உங்கள் கொள்கை அதிலிருந்து எத்தனை பேரை விலக்கியது? அண்ணன் பதில் சொன்ன பிறகு தீர்ப்பைச் சொல்லுங்கள். நன்றி.