டிம் சம் மேசையில் டீயால் கிண்ணம் கழுவுவது ஏன்?

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்றை இன்று முதலில் எடுத்துக்கொள்கிறேன். படித்த நாளிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோவையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “அலுவலக வேலையாக ஹாங்காங் போகிறேன். அங்கே டிம் சம் உணவகத்தில் உட்கார்ந்ததும் எல்லோரும் கிண்ணத்தையும் குச்சியையும் சூடான டீயில் கழுவுகிறார்களாமே. அப்படியானால் அந்த இடம் சுத்தமில்லை என்றுதானே அர்த்தம்? நானும் கழுவ வேண்டுமா? நான் சைவம், எனக்கு அங்கே என்ன கிடைக்கும்?”

டிம் சம் என்றால் டீயோடு சாப்பிடுகிற சின்னச் சின்னச் சீனப் பலகாரங்கள். சைவத்துக்குக் கடைசியில் வருகிறேன். கழுவுகிற விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். கழுவலாம், கழுவாமலும் இருக்கலாம். வெளியூர்க்காரர் கழுவவில்லை என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இடம் அழுக்கு என்று அர்த்தமும் இல்லை. தெருவோரக் கடைகளில் ஒரே வாளித் தண்ணீரில் எல்லாப் பாத்திரத்தையும் அலசி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அன்றைக்கு வந்த பழக்கம் இது. இன்றைக்குத் தென்சீன நகரமான குவாங்ஜோவில் பல உணவகங்களில் கிண்ணம், தட்டு, கோப்பை எல்லாம் கழுவி, பிளாஸ்டிக் உறை போட்டு மேசைக்கு வருகின்றன. அந்த உறையைக் கிழித்துவிட்டு அதையும் டீயில் கழுவுவார்கள்! கிருமி செத்துவிடுமா என்று கேட்டால், சாகாது. கிண்ணத்தில் ஊற்றியதுமே சூடு இறங்கத் தொடங்கிவிடும், குச்சி அதில் இருப்பதோ சில நொடிதான். போலெய் மாதிரிக் கறுத்த டீயில் முதல் ஊறல் இலையைக் கழுவுவதற்கு, அதைக் குடிக்க மாட்டார்கள். எப்படியும் கொட்டப் போகிற அந்தத் தண்ணீர் கிண்ணம் கழுவ உதவுகிறது. கழுவிய தண்ணீரைக் கொட்ட ஒரு பெரிய கிண்ணமும் தந்துவிடுவார்கள்.

சரி, கிருமியும் சாகாது, பாத்திரமும் ஏற்கெனவே சுத்தம். அப்புறம் ஏன் கழுவுகிறார்கள்? யாருடைய கிண்ணத்தை யார் கழுவுகிறார்கள் என்று பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. ஹாங்காங்கின் கௌலூன் பக்கம் ஒரு பெரிய தேநீர்க் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்து வட்ட மேசையில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தது. கல்லூரி வயசுப் பெண் ஒருத்தி, ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசையில் இருந்த எல்லோருடைய கிண்ணத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு கோப்பையைக் கிண்ணத்துக்குள் படுக்க வைத்து, டீயை ஊற்றி, விரலால் ஒரு சுற்று உருட்டி எடுத்தாள். குச்சிகளின் நுனியை நனைத்தாள், கரண்டியை நனைத்தாள். முதலில் கழுவியது தாத்தாவுடையதை. தாத்தா பேப்பரிலிருந்து தலையே தூக்கவில்லை, ஆனால் கிண்ணம் தன் முன்னால் வந்ததும் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.

நம் பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: டிம் சம் மேசையில் டீதான் தலைமை, பலகாரம் அதற்குத் துணை. உட்கார்ந்ததும் பணியாளர் கேட்கிற முதல் கேள்வி என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது இல்லை, என்ன டீ என்பது. பில்லில் டீக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக விழும். நீங்கள் வெறும் வெந்நீர் குடித்தாலும் விழும். மூடி போட்ட ஒரு கிண்ணம் டீ, இரண்டு பலகாரம், இதுதான் பழைய குவாங்ஜோ தேநீர்க் கூடத்தின் அளவு. ஒருவர் அதை வைத்துக்கொண்டு காலை முழுவதும் உட்காரலாம். இருபது மூங்கில் கூடையை மேசையில் அடுக்கிப் படம் எடுப்பது பின்னால் வந்தது.

டீ தலைமை என்றால் ஊற்றுகிறவர்தான் மேசையை நடத்துகிறார். தன் கோப்பை காலியாக இருந்தாலும் முதலில் மற்றவர்களுக்கு, அதிலும் பெரியவர்களுக்கு ஊற்ற வேண்டும். கடைசியில் தனக்கு. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் தானாக வரும். உங்கள் ஹாங்காங் சகா எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், கெட்டிலை நீங்கள் முதலில் கையில் எடுங்கள். அவர் உங்களைப் பார்க்கிற பார்வை அந்த நொடியிலேயே மாறிவிடும். நான் பலமுறை கண்டது இது.

அவர் ஊற்றினால்? ஆள்காட்டி விரலும் நடு விரலும் சேர்த்து, லேசாக மடக்கி, கோப்பைக்குப் பக்கத்தில் மேசையைத் தட்டுங்கள். நன்றி சொன்ன மாதிரி. சிங் வம்சத்துப் பேரரசர் சியென்லோங் கதையை முன்பு ஒரு பேச்சில் விரிவாகச் சொன்னேன். சுருக்கமாக: அவர் தென்சீனாவுக்கு ஆறு முறை பயணம் போனவர். மாறுவேடத்தில் போனபோது தன் ஆளுக்குத் தானே டீ ஊற்றினார், மண்டியிட்டால் வேஷம் கலைந்துவிடும் என்று அந்த ஆள் விரல்களை மடக்கி மண்டியிட்டார் என்பது கதை. அவர் ஆறு முறை போனது சரித்திரம், மற்றது மக்கள் சொல்வது. இந்தத் தட்டலில் ஒரு வசதியும் இருக்கிறது. வாயில் பலகாரம், பேச்சு பாதியில், அப்போது யாரோ ஊற்றுகிறார்கள். பேச்சை நிறுத்தாமலே நன்றி சொல்லிவிடலாம்.

இன்னொரு கதை இருக்கிறது, இதை இதுவரை சொன்னதில்லை. கெட்டிலில் தண்ணீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் போதும், வெந்நீர் வந்துவிடும். ஏன் பணியாளரே திறந்து பார்ப்பதில்லை? அந்தக் காலத்தில் வயதானவர்கள் வளர்ப்புப் பறவையைக் கூண்டோடு தேநீர்க் கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். கூண்டை மேலே மாட்டிவிட்டு டீ குடிப்பார்கள். அப்படி வந்த ஒருவன் பறவையைக் கெட்டிலுக்குள் வைத்து மூடினானாம். பணியாளர் தண்ணீர் ஊற்றத் திறந்தார், பறவை பறந்துவிட்டது, அவன் நஷ்ட ஈடு கேட்டுச் சண்டை போட்டான். அன்றிலிருந்து வாடிக்கையாளர் திறக்காமல் பணியாளர் மூடியைத் தொடுவதில்லை என்று சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, பறவைக் கூண்டு தொங்கிய கூடங்கள் உண்மை.

எந்த டீ சொல்வது என்று கேட்பீர்கள். கொழுப்புள்ள பலகாரத்துக்குப் போலெய். மணம் பிடிக்கும் என்றால் மல்லிகை. போலெய் மண்வாசனையாக இருக்கிறது என்று தோன்றினால் அதோடு செவ்வந்திப் பூ சேர்த்த குக் போ கேளுங்கள், எனக்கு அதுதான் பிடித்தம். பாலும் சர்க்கரையும் கேட்காதீர்கள். ஹாங்காங்கின் பால் டீ அருமையானது, ஆனால் அதற்கான கடை வேறு.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன். எல்லோரும் எந்த உணவகம் நல்லது என்கிறார்கள். எப்போது போவது, யாருடன் போவது என்று யாரும் கேட்பதில்லை.

வார நாளில் விடிகாலையில் போங்கள். சென்ட்ரல் பகுதியில், வெல்லிங்டன் தெருவில் லின் ஹியுங் என்ற பழைய தேநீர்க் கூடம் இருக்கிறது. அதன் மூலக் கடை குவாங்ஜோவில் 1889-இல் தொடங்கியது. ஹாங்காங் கடை 2022-இல் மூடியபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின, 2024-இல் மறுபடி திறந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் உங்களை மேசைக்கு அழைத்துப் போக யாரும் வர மாட்டார்கள். யார் எழுந்திருக்கப் போகிறார் என்று பார்த்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசை. ஒரு காலையில் என் எதிரே இருந்த முதியவர் ஒரே ஒரு கூடையை வைத்துக்கொண்டு பேப்பர் முழுவதையும் படித்து முடித்தார். தன் கெட்டிலில் மிச்சமிருந்ததை என் கோப்பையில் ஊற்றிவிட்டுத்தான் கிளம்பினார். பேச எங்களுக்குப் பொது மொழி இல்லை. நான் மேசையைத் தட்டினேன், அவர் தலையசைத்தார்.

டீதான் தலைமை என்று நான் சொல்வதற்கு அந்த முதியவரை விடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அதே பக்கம், ஸ்டான்லி தெருவில் லுக் யூ இருக்கிறது. 1933-இல் தொடங்கியது, தாங் வம்சக் காலத்தில் தேநீரைப் பற்றி நூல் எழுதிய லு யூவின் பெயர். மின்விசிறி, மரத் தடுப்பு, வண்ணக் கண்ணாடி, எல்லாம் பழைய மாதிரியே. விலை கூடுதல்.

தள்ளுவண்டி வேண்டும் என்று நிறையப் பேர் ஆசைப்படுகிறீர்கள். எனக்கும் ஆசைதான். ஆவி பறக்கும் கூடைகளை அடுக்கி, பெயரைக் கூவிக்கொண்டு வண்டி வரும். நீங்கள் கை காட்டினால் கூடையை வைத்து அட்டையில் முத்திரை குத்துவார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது, விசேஷம் என்று விலைப் பிரிவுக்கு ஏற்ற கட்டம். கடைசியில் முத்திரையை எண்ணிப் பில். சிட்டி ஹாலில் உள்ள மாக்சிம்ஸ் பேலஸில் இன்னும் வண்டி ஓடுகிறது. மற்ற பெரும்பாலான இடங்களில் சீட்டில் டிக் அடித்துக் கொடுப்பதுதான். 2009-இல் மாங் காக்கில் சின்ன இடத்தில் தொடங்கி மிஷெலின் நட்சத்திரம் வாங்கிய டிம் ஹோ வானிலும் சீட்டுதான். வண்டிக்கு மேசைகளுக்கு நடுவே வழி விட வேண்டும், ஹாங்காங் வாடகையில் அது கட்டுப்படியாகாது. பலகாரத்தின் பக்கம் நின்று பார்த்தால் சீட்டே மேல். கேட்ட பிறகு அவித்தது வரும்.

ஹார் கௌவை எடுத்துக்கொள்ளுங்கள், இறால் வைத்த பலகாரம். கோதுமையில் பசைச்சத்தை நீக்கிய பின் மிஞ்சும் மாவை, கொதிக்கிற நீரில் பிசைவார்கள். எண்ணெய் தடவிய, கூர் இல்லாத அகலக் கத்தியின் பக்கவாட்டால் ஒரே அழுத்தில் மெல்லிய வட்டமாக்குவார்கள். மடிப்பு ஏழுக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் என்றால் தேர்ந்த கை. வெந்ததும் உள்ளே இறாலின் சிவப்பு தெரிய வேண்டும். குச்சியால் தூக்கும்போது தோல் கிழியக் கூடாது. வண்டியில் அரை மணி நேரம் சுற்றினால் அது தாங்குமா? சமையல்காரரை எடைபோட இதை விட நல்ல பலகாரம் இல்லை. முதல் கூடை இதுவாக இருக்கட்டும். சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள், டீயை அப்புறம் ஊற்றலாம் என்று நானே சொல்கிற ஒரே சமயம் இதுதான்.

யாருடன் போவது? வார நாளில் தனியாகப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு குடும்பம் கூப்பிட்டால் மட்டும் போங்கள், கூப்பிட்டால் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள். தனித்தனி வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிற இடம் அது. வீடுகள் சிறியவை, பத்துப் பேர் உட்கார இடம் கிடையாது. அந்த வட்ட மேசைதான் அவர்களுக்குக் கூடம். பில் வந்ததும் யார் கொடுப்பது என்று உண்மையாகவே இழுபறி நடக்கும். நீங்கள் விருந்தாளி, ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

இப்போது சைவம். கவனமாக இருக்க வேண்டும். முள்ளங்கிக் கேக் என்று பெயர் இருக்கும், உள்ளே பன்றி இறைச்சித் துண்டும் காய்ந்த இறாலும் இருக்கும். எண்ணெயில் பொரித்த சேம்பு உருண்டைக்குள் பன்றிக் கொத்துக்கறி. முட்டை டார்ட்டின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. சியுங் ஃபன் என்கிற அரிசி மாவுச் சுருளை உள்ளே ஒன்றும் வைக்காமல் கேட்கலாம். அரிசி மாவுக் கரைசலைத் துணியில் பரப்பி ஆவியில் எடுக்கும் பழைய முறை இன்னும் சில கடைகளில் உண்டு, நம் இட்லித் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலே ஊற்றுகிற சாஸில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கவலை இல்லாமல் சாப்பிட வேண்டும் என்றால் டயமண்ட் ஹில்லில் சி லின் பிக்குணி மடத்தை ஒட்டி நான் லியன் தோட்டம் இருக்கிறது. அதற்குள் அருவிக்குப் பின்னால் முழுச் சைவ உணவகம். மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பௌத்த சமையல் என்பதால் பூண்டு வெங்காயமும் இருக்காது. மதியக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். உங்கள் சகாக்களையும் அங்கேயே கூப்பிடுங்கள், அவர்களில் பலருக்கு அந்த இடம் தெரிந்தே இருக்கும். கெட்டில் வந்ததும் நீங்கள் எடுத்து ஊற்றுங்கள்.

அடுத்த கேள்வி சோயா சாஸ் பற்றி, ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறது. அதைப் பார்ப்போம்.